உஷார்! பைபாஸ் முடிந்த மறுநாள் 'கிரியேட்டினின் நார்மல்' என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள்

இதய அறுவை முடிந்து ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு மறுநாள் காலையில் ஒரு நல்ல செய்தி வரும். "ஹார்ட் நல்லா பம்ப் பண்ணுதும்மா. கிரியேட்டினின் நார்மல். கிட்னிக்கு ஒண்ணும் இல்லை." இந்த மூன்றில் முதல் இரண்டும் உண்மையாக இருக்கலாம். மூன்றாவதை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அறுவை முடிந்த மறுநாள் கிட்னியைப் பற்றி நற்சான்று கொடுக்கும் தகுதி கிரியேட்டினினுக்குக் கிடையாது.

'பயமுறுத்துவதற்காக எழுதவில்லை' என்று ஆரம்பிப்பது மருத்துவக் கட்டுரைகளில் ஒரு மரபு. இது பயமுறுத்தத்தான் எழுதப்படுகிறது. அறுவைக்கு நாள் குறித்ததும் வீட்டில் எல்லோர் கவனமும் நெஞ்சுக்கூட்டுக்குள் போய்விடுகிறது. எத்தனை அடைப்பு, எந்த டாக்டர், எத்தனை லட்சம், எத்தனை யூனிட் ரத்தம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். முதுகுப் பக்கம் ஒளிந்திருக்கும் இரண்டு உறுப்புகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் இதய அறுவை செய்துகொள்கிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளின்படி மூன்றில் ஒருவருக்கு, ஏதோ ஓர் அளவில் சிறுநீரகம் திடீர்க் காயம் அடைகிறது. நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை டயாலிசிஸில் போய் நிற்கிறார்கள்.

டயாலிசிஸ் வரை போனால் என்ன ஆகும்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 42,773 பேரின் பதிவுகளைக் கொண்டு 1998-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டயாலிசிஸ் தேவைப்படும் அளவுக்குக் கிட்னி பழுதானவர்களில் 63.7 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். மற்றவர்களில் இறந்தவர்கள் 4.3 சதவீதம். அதற்குப் பிறகு ஐ.சி.யூ. கவனிப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள பள்ளம் மட்டும் இன்னும் தூரவில்லை.

சரி, டயாலிசிஸ் வரை போகாவிட்டால் தப்பித்தோமா? அங்கேதான் அடுத்த இடி. வியன்னாவில் இதய, மார்பு அறுவை செய்துகொண்ட 4,118 பேரைப் பின்தொடர்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியானது. அறுவைக்குப் பிறகு கிரியேட்டினின் அரைப் புள்ளிக்குள் கூடியவர்களிடம்கூட, முப்பது நாளுக்குள் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. அரைப் புள்ளி! நம்மில் பலர் ரிப்போர்ட்டைப் பார்த்து, 'லேசாகக் கூடியிருக்கிறது, அவ்வளவுதானே' என்று மடித்து வைத்துவிடும் அளவு அது.

ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி இல்லையே?

கிரியேட்டினின் ஏன் இப்படித் தாமதிக்கிறது? அது தசைகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவு. ரத்தத்திலிருந்து அதை வடிகட்டி வெளியே தள்ளுவது கிட்னியின் வேலை. துப்புரவுப் பணியாளர்கள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினால் மறுநாள் காலையில் தெரு சுத்தமாகத்தான் இருக்கும். குப்பை குவிந்து நாற்றமெடுக்க இரண்டு மூன்று நாளாகும். கிரியேட்டினின் கணக்கும் அதேதான். காயம் பட்டதற்கும் ரத்தத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு சேர்வதற்கும் இடையே 24 முதல் 72 மணி நேரம் ஓடிவிடும். கிட்னியைக் காப்பாற்ற ஏதாவது செய்யலாம் என்றால், அந்த நேரத்துக்குள்தான் செய்ய வேண்டும்.

தாமதத்தோடு விஷயம் முடியவில்லை. அறுவை நடக்கும்போது இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப ஒரு லிட்டருக்கும் மேல் திரவம் போகிறது. பிறகு ஐ.சி.யூ.வில் டிரிப் ஏறுகிறது. ரத்தம் நீர்த்துப்போவதால் கிரியேட்டினின் அளவும் நீர்த்துத் தெரியும். முதல் நாள் முன்பைவிடக் குறைந்துகூட இருக்கும். 'பாருங்க, குறைஞ்சிருக்கு' என்று குடும்பம் மகிழ்கிற அதே நேரத்தில் கிட்னி அடிவாங்கிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று, கிட்னியின் சேமிப்புத் திறன். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன. ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் பாதி அலகுகள் போய்விட்டன. ஆனாலும் அவருடைய கிரியேட்டினின் பெரும்பாலும் ஆய்வக எல்லையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். அப்படியென்றால் அந்த எண் ஏறுவதற்கு முன்பே எவ்வளவு போயிருக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒல்லியான, வயதான பெண்களின் வீட்டார் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். தசை குறைவாக இருப்பவர்களிடம் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவு. அறுவைக்கு முன் 0.7 இருந்த அம்மாவுக்கு இரண்டாம் நாள் 1.1 என்று வருகிறது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'இயல்பு அளவு 0.6 முதல் 1.2' என்று அச்சிட்டிருக்கிறது. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. ஆனால் 2012-ல் வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற உலகளாவிய சிறுநீரக வழிகாட்டுதலின்படி, 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே அது திடீர்ச் சிறுநீரகக் காயம். ஏழு நாளுக்குள் பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கானாலும் அதுவே. அம்மாவுக்கு 0.4 கூடியிருக்கிறது. கம்ப்யூட்டர் அச்சடித்த 'இயல்பு அளவு' ஊருக்குப் பொதுவானது. அம்மாவுக்கு எது இயல்பு என்பதை அவருடைய பழைய ரிப்போர்ட்தான் சொல்லும். அது உங்கள் கையில் இருக்கிறதா?

அடி எங்கே விழுகிறது

ஜான் கிப்பன் 1953 மே மாதம் பிலடெல்பியாவில் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்தார். எத்தனையோ கோடி உயிர்களுக்குக் கதவு திறந்த கருவி அது. அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிட்னிக்குப் போகிறது. இயந்திரம் அந்த ஓட்டத்தைத் துடிப்பில்லாத ஒரே சீரான ஓட்டமாக மாற்றுகிறது. ரத்தம் நீர்த்திருப்பதால் அது சுமக்கும் ஆக்சிஜனும் குறைவு. கிட்னியின் உட்பகுதியோ சாதாரண நாளிலேயே ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பில் வாழ்கிற இடம். கொஞ்சம் குறைந்தாலும் அங்குள்ள குழல்களின் செல்கள் திணற ஆரம்பித்துவிடும்.

இயந்திரத்தின் உருளைகளிலும் உறிஞ்சு குழாய்களிலும் அடிபட்டுச் சிவப்பணுக்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் கிட்னிக் குழல்களுக்கு நேரடி நஞ்சு. மகாதமனியில் கிளாம்ப் போட்டு எடுக்கும்போது உதிரும் கொழுப்புத் துகள்களும் கீழே போய்ச் சிறு குழாய்களை அடைக்கின்றன. அறுவைக்குப் பிறகு இதயம் சுணங்கி பி.பி. இறங்கினால் அது அடுத்த அடி. இவ்வளவும், ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்து வருடமாக அரித்துவைத்திருக்கும் ஒரு கிட்னியின் மேல்.

'அப்படியானால் இயந்திரமே இல்லாமல், துடிக்கிற இதயத்திலேயே பைபாஸ் செய்யச் சொல்லலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். இந்தியாவும் பங்கேற்ற 'கொரோனரி' என்ற பன்னாட்டு ஆய்வு இதைச் சோதித்தது. அதன் சிறுநீரகக் கிளை ஆய்வு 2014-ல் வந்தது. திடீர்க் காயம் துடிக்கும் இதயத்தில் செய்தவர்களிடம் 17.5 சதவீதம், இயந்திரத்தில் செய்தவர்களிடம் 20.8 சதவீதம். கொஞ்சம் குறைவு, உண்மை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் கிட்னி ஒரே நிலையில் இருந்தது. எனவே 'பீட்டிங் ஹார்ட் செய்தோம், கிட்னி பற்றிக் கவலை வேண்டாம்' என்று யாராவது சொன்னால், அதற்கும் உஷார்.

முன்கூட்டியே கூவும் புரதங்கள்

காயத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க நினைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு இதய அறுவையில் ஒரு வசதி உண்டு. கிட்னிக்கு எத்தனை மணிக்கு அடிபட்டது என்று மற்ற பெரும்பாலான இடங்களில் துல்லியமாகத் தெரியாது. இங்கே தெரியும்; இயந்திரத்தை ஓடவிட்ட நிமிடம் அனஸ்தீசியா தாளில் பதிவாகியிருக்கும். அந்த நிமிடத்திலிருந்து சிறுநீரை மணிக்கணக்கில் சேகரித்துப் பார்த்தால், கிரியேட்டினினுக்கு முன்னால் எது வாய் திறக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். பிறவி இதயக் கோளாறுக்காக அறுவை செய்யப்பட்ட 71 குழந்தைகள். அவர்களில் 20 பேருக்குக் கிட்னி காயம்பட்டது. கிரியேட்டினின் அதைச் சொல்ல ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. சிறுநீரில் என்.ஜி.ஏ.எல். என்ற புரதமோ இரண்டே மணி நேரத்தில் பல மடங்கு எகிறியிருந்தது. காயம்பட்ட ஒரு குழந்தையைக்கூட அது தவறவிடவில்லை; நல்ல கிட்னியைக் காயம்பட்டதாகச் சொன்னதும் மிக அபூர்வம். 2005-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானபோது சிறுநீரக மருத்துவர்கள் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்க ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் கிட்னிக்கும் ஒன்று கிடைத்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகள் அந்த உற்சாகத்தில் நிறையவே தண்ணீர் ஊற்றின. குழந்தைகளுக்குச் சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, ஐம்பது வருட சிகரெட் இல்லை. நமது பைபாஸ் நோயாளிகளுக்கு இவையெல்லாம் உண்டு. என்.ஜி.ஏ.எல். முதலில் கண்டறியப்பட்டதே வெள்ளணுக்களில்தான். உடம்பில் கிருமித்தொற்று, சிறுநீர்த் தொற்று, பழைய கிட்னி நோய் எது இருந்தாலும் அதுவும் ஏறும். வட அமெரிக்காவில் 1,219 பெரியவர்களை வைத்து நடந்த 'ட்ரைப்' ஆய்வு 2011-ல் வெளியானபோது, பெரியவர்களிடம் அதன் கணிப்புத் திறன் சுமாருக்குக் கொஞ்சம் மேல் என்ற இடத்துக்கு இறங்கிவிட்டது. இத்தனை வருட இழுபறிக்குப் பிறகு, 2023 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. என்.ஜி.ஏ.எல். சோதனை ஒன்றுக்கு அனுமதி தந்தது. யாருக்குத் தெரியுமா? மூன்று மாதம் முதல் 21 வயது வரை உள்ள ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு மட்டும்.

பெரியவர்களுக்கு வேறு ஒரு ஜோடி வந்திருக்கிறது: டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.-7. பெயரை நினைவில் வைக்க வேண்டாம். வேலையைப் புரிந்துகொண்டால் போதும். நெருக்கடியில் சிக்கிய செல், பழுது பார்க்கும்வரை பிளவுபடுவதை நிறுத்திவைக்கும். அந்த நிறுத்தத்தின்போது வெளியாகும் இரண்டு புரதங்கள் இவை. ஆக, செல் செத்த பிறகு அல்ல, திணறும்போதே இவை சிறுநீரில் வருகின்றன. இரண்டின் அளவையும் பெருக்கி ஒரு மதிப்பெண் தருகிறது 'நெஃப்ரோசெக்' என்ற சோதனை. மதிப்பெண் 0.3-ஐத் தாண்டினால், அடுத்த 12 மணி நேரத்தில் நடுத்தர அல்லது கடுமையான காயம் வரும் அபாயம் இருக்கிறது என்று பொருள். எஃப்.டி.ஏ. இதற்கு 2014 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. அப்போதே அது இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: காயம் இல்லாதவர்களிலும் பாதிப் பேருக்கு இந்தச் சோதனை 'பாசிட்டிவ்' காட்டுகிறது.

பாதிப் பேருக்குப் பொய் எச்சரிக்கை! இதைக் கேட்டதும் 'அப்புறம் எதற்கு இந்தச் சோதனை' என்று தூக்கிப் போடத் தோன்றும். பொறுங்கள். இதற்குப் பதில் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரிலிருந்து வந்தது.

அங்கே இதய அறுவை முடிந்த நான்கு மணி நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். 'பாசிட்டிவ்' வந்த 276 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்குக் கே.டி.ஐ.ஜி.ஓ. சொன்ன பாதுகாப்பு நடவடிக்கைகள் ஒன்றுவிடாமல்: பி.பி.யையும் இதய வெளியேற்றத்தையும் கருவி வைத்து அளந்து திரவமும் மருந்தும் கொடுப்பது, சர்க்கரை எகிறாமல் பார்ப்பது, கிட்னியைச் சிரமப்படுத்தும் மருந்துகளையும் சில பி.பி. மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்துவது, ஸ்கேனுக்கு 'டை' ஏற்றுவதைத் தவிர்ப்பது, ஸ்டார்ச் வகை டிரிப்பைத் தொடாமலிருப்பது. இதில் எந்த மாய மருந்தும் இல்லை. வழக்கமான கவனிப்பில் 71.7 சதவீதம் பேருக்குக் கிட்னி காயம்பட்டது. இந்த நடவடிக்கைகள் எடுத்தவர்களிடம் 55.1 சதவீதம். 2017-ல் வந்த முடிவு இது. பொய் எச்சரிக்கை வந்தவர்களுக்கும் இந்தக் கவனிப்பால் கெடுதல் எதுவும் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே கூவும் சோதனைக்கு அர்த்தம் இருக்கிறது.

இதிலும் ஓர் 'ஆனால்' உண்டு. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள், இறந்தவர்கள் என்ற கணக்கில் இரண்டு பக்கமும் வேறுபாடு தெரியவில்லை. பல மருத்துவமனைகளில் மீண்டும் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், மொத்தக் காயம் குறையவில்லை. நடுத்தர, கடும் காயம் மட்டும் 23.9-லிருந்து 14 சதவீதமாக இறங்கியது. எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. இந்த நடவடிக்கைகள் 2012-லேயே அச்சில் வந்தவை. இதய அறுவைக்குப் பிறகு இவை முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பல நாடுகளில் பார்த்த ஓர் ஆய்வில், எல்லாவற்றையும் ஒருசேரப் பெற்ற நோயாளிகள் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். புதுச் சோதனை இல்லை என்பதற்கு முன்னால் வருத்தப்பட வேண்டியது இதற்கு.

இங்கேதான் நம் ஊர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். நாளைக்கு எந்த மருத்துவமனையாவது 'கிட்னி பயோமார்க்கர் பேக்கேஜ்' என்று பில்லில் ஒரு வரி சேர்க்கலாம். சோதனை செய்வார்கள், எண் வரும், ஃபைலில் செருகுவார்கள். அந்த எண்ணைப் பார்த்து யார் என்ன மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. 'ரிசல்ட் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற ஒரு கேள்வியைச் சோதனைக்கு முன்பே கேளுங்கள். திட்டம் இருந்தால் செய்யட்டும். இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். என்.ஜி.ஏ.எல். 'நெகட்டிவ்' வந்துவிட்டது என்று மற்ற கண்காணிப்பைத் தளர்த்துவதும் அதே அளவு தவறு.

பையில் தொங்கும் சோதனை

விலையுயர்ந்த சோதனை எல்லா ஐ.சி.யூ.விலும் கிடைக்காது. ஆனால் கட்டிலின் ஓரத்தில் தொங்கும் யூரின் பை எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது அதில் சிறுநீர் சேர வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. தொடர்ந்து ஆறு மணி நேரம் அதற்குக் கீழே போனால், கிரியேட்டினின் எவ்வளவு அழகாக இருந்தாலும், காயம் ஆரம்பித்துவிட்டது என்றே கணக்கு. எத்தனையோ இடங்களில் இந்த மணிக்கணக்கு நர்சின் சார்ட்டில் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும். கூட்டிப் பார்க்கிற கண்தான் இருக்காது.

யூரின் தாராளமாக வந்தாலும் ஏமாறக்கூடாது. இயந்திரத் திரவத்தில் சிறுநீரைத் தூண்டும் மானிட்டால் சேர்த்திருக்கலாம். அதே வேலையைச் செய்யும் லேசிக்ஸ் ஊசி போட்டிருக்கலாம். முதல் சில மணி நேரத்தில் வருவது மருந்தின் வேலையாக இருக்கும். 'யூரின் நல்லா போகுது' என்று சொன்னால் 'லேசிக்ஸ் போட்டா, போடாமலா?' என்று கேட்பதில் தவறே இல்லை.

அந்த லேசிக்ஸையே சோதனையாக மாற்றலாம் என்பது இந்தத் துறையில் எனக்குப் பிடித்த விஷயம். காயத்தின் ஆரம்பக் கட்டத்தில், உடம்பில் நீர் வறட்சி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் ஒரு டோஸ் கொடுப்பார்கள். அண்மையில் லேசிக்ஸ் எடுத்தவருக்கு 1.5. இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிக்கு மேல் சிறுநீர் வந்தால் குழல்களில் இன்னும் தெம்பு இருக்கிறது. வராவிட்டால் நிலைமை முற்றப்போகிறது; சிறுநீரக மருத்துவரை அப்போதே கூப்பிட வேண்டும். 2013-ல் விவரிக்கப்பட்ட இந்த முறை, அடுத்து நடந்த ஒப்பீட்டில் விலையுயர்ந்த பயோமார்க்கர்களையே முந்தியது. மருந்தின் விலை சில ரூபாய். இது டாக்டர் கையில் செய்யவேண்டியது. வீட்டில் யாரும் முயன்று பார்க்கும் விஷயம் அல்ல.

சோதனையை விட்டுக் காக்கும் மருந்துக்கு வந்தால், 'கிட்னியைக் காக்கும் டிரிப்' என்று ஒரு காலத்தில் டோபமின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வு 2000-த்திலேயே அதனால் பயனில்லை என்று காட்டிவிட்டது. பிறகு சோடா உப்பு ஊசி, ஸ்டாட்டின் மாத்திரை என்று பலவற்றை முயன்றார்கள், எதுவும் தேறவில்லை. 2024-ல்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. 3,511 இதய அறுவை நோயாளிகளிடம் அமினோ அமில டிரிப் கொடுத்துப் பார்த்ததில் காயம் 31.7-லிருந்து 26.9 சதவீதமாகக் குறைந்தது. நம்பிக்கை தருகிறது. ஆனால் யாராவது உங்களிடம் இதை உத்தரவாதமாக விற்றால், மேலே உள்ள இரண்டு எண்களையும் எடுத்து நீட்டுங்கள்.

அறுவைக்கு முன்பே வேலை இருக்கிறது

ஆஞ்சியோவுக்குப் போகும் முன் எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆஞ்சியோ 'டை'யே கிட்னியைச் சீண்டியிருந்தால் அதற்குப் பிறகு எடுத்த எண் அடிப்படை அளவாகாது. இரண்டு மூன்று வருடத்துப் பழைய ரிப்போர்ட் இருந்தால் இன்னும் நல்லது. அவசரமில்லாத அறுவை என்றால், ஆஞ்சியோவுக்கும் அறுவைக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடலாமா என்று கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் அறுவைக்கு முன்பே சரிசெய்ய நேரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயதானவர், பெண், சர்க்கரை நோயாளி, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர், வால்வும் பைபாஸும் ஒரே சமயத்தில் செய்துகொள்பவர், இரண்டாவது முறையாக நெஞ்சைத் திறப்பவர், அவசர அறுவைக்குப் போகிறவர்: இவர்களுக்கு அபாயம் கூடுதல். எல்லாவற்றையும்விட, ஏற்கெனவே கிரியேட்டினின் இரண்டைத் தாண்டியவருக்கு.

முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள்தான் நம் வீடுகளில் பெரிய வில்லன். கிட்னிக்குள் ரத்தம் போகும் குழாயைத் திறந்துவைக்கும் ரசாயனத்தையே அவை தடுக்கின்றன. சாதாரண நாளில் கிட்னி சமாளித்துக்கொள்ளும். அறுவையை ஒட்டிய வாரங்களில் சமாளிக்காது. நோயாளி எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளைச் சொல்லும்போது பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு நிறுத்திவிடாமல், இந்த வலி மாத்திரையையும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், பஸ்பத்தையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டுவார் என்ற பயத்தில் மறைத்த விவரம் ஆபரேஷன் மேஜையில் வந்து நிற்கும்.

ஐ.சி.யூ.வில் கேட்க வேண்டியவை சுருக்கமானவை. அறுவைக்கு முன் கிரியேட்டினின் எவ்வளவு, இன்று எவ்வளவு, நேற்று இரவு மொத்த யூரின் எவ்வளவு, ஏறிய திரவம் எவ்வளவு? நாலு எண்களையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். வரிசையாகப் பார்க்கும்போது நல்லது கெட்டது தானாகத் தெரியும். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றியதும் ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடச் சம்மதிக்காதீர்கள். ஏற வேண்டியது பெரும்பாலும் அப்போதுதான் ஏறும்.

வீட்டுக்கு வந்தாகிவிட்டது, கிரியேட்டினின் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது, இனி என்ன? இதற்குப் பதில் ஃபுளோரிடாவில் இருக்கிறது. இதய, மார்பு அறுவை செய்துகொண்ட 2,973 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வந்த ஆய்வு அது. கிட்னி காயம்படாதவர்களில் 63 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள்; காயம்பட்டவர்களில் 44 சதவீதம்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது முழுதாகத் தேறிவிட்டதாக எழுதப்பட்டவர்களிடமும் அந்த நிழல் விலகவில்லை. சிலருக்கு அது மெதுவாக நாள்பட்ட சிறுநீரக நோயாக மாறுகிறது.

அதனால்தான் காயம்பட்ட மூன்றாவது மாதம் மீண்டும் பார்க்கச் சொல்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டுதல்: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின். இரண்டும் சிறு ஊர் லேபிலும் எடுக்கக்கூடியவை. ஆனால் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'இதய மருத்துவரைப் பதினைந்து நாளில் பார்க்கவும்' என்ற வரி இருக்கும். கிட்னிக்கு என்ன ஆனது என்ற வரி பெரும்பாலும் இருக்காது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் கிரியேட்டினின் எவ்வளவு வரை ஏறியது, எந்த மாத்திரைகள் நிறுத்தப்பட்டன, அவற்றை எப்போது திரும்ப ஆரம்பிக்க வேண்டும், மூன்று மாதச் சோதனை எந்தத் தேதியில்: இவ்வளவும் எழுதித் தரச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பில் கவுண்டருக்குப் போங்கள்.